சீரோ வராத தட்டு

போன எபிசோடில் டேட்டா மைக்ரேஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "ஒரு கான்ட்ராக்ட்ல நான் எழுதின ஒரு வரியால விஷமெல்லாம் நல்ல பிள்ளையாயிடுச்சு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டேன். அதென்ன கதை என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். மைக்கில் சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும், எடிட் பண்ணுகிறவர் என்னைத் திட்டுவார். அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க அதுதான். நடுவில் கொஞ்சம் உயிரியல் வரும். பயப்படாதீர்கள், நானும் பத்தாம் வகுப்போடு பயாலஜியை விட்டவன்தான்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் ஆறு மாத கான்ட்ராக்ட். மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் தயாரிக்கும் கம்பெனிகள் தங்களுடைய ரசாயனங்களை அனுப்பி, "இது மரபணுவைக் கெடுக்குமா?" என்று சோதித்து வாங்கும் ஒரு லேப். அவர்களுடைய சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. அதிலிருக்கும் பல வருஷ டேட்டாவைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுவது என் வேலை. சோர்ஸ் டேபிள், டார்கெட் டேபிள், நடுவில் ஒரு ஸ்கிரிப்ட். நாள் கூலி நன்றாக இருந்தது. ஐஆர்35 தொல்லையும் இல்லை. வேறென்ன வேணும்?

டேபிளில் எல்லாம் எண்கள். டோஸ், தட்டு நம்பர், கவுன்ட். எதை எண்ணுகிறார்கள் என்றே தெரியாமல் முதல் வாரம் ஓட்டினேன். இரண்டாவது வாரம் லேபில் நீண்ட காலமாக இருக்கும் ஒரு பெண்மணி, "வா, நீ நகர்த்துறது என்னன்னு ஒரு தடவை பார்த்துடு" என்று கூட்டிக்கொண்டு போனார். வெள்ளை கோட், கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு ஒரு வட்டத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மங்கலான பனி மாதிரி ஒரு படலம். அதன்மேல் ஊசிமுனையில் வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைத்தான் எண்ணுகிறார்கள்.

இதற்குப் பெயர் ஏம்ஸ் டெஸ்ட். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த புரூஸ் ஏம்ஸ் உருவாக்கியது. 1964-ல் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டின் பின்னால் இருந்த பொருள் பட்டியலைப் படித்துவிட்டு, "இதில் உள்ளதெல்லாம் நம்முடைய மரபணுவை என்ன செய்யும், யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்று யோசித்தாராம். நாமெல்லாம் அதே பாக்கெட்டைப் படிக்காமலே காலி பண்ணுகிறவர்கள்.

யோசனை ரொம்ப எளிது. சால்மொனெல்லா பாக்டீரியா தனக்கு வேண்டிய ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். அந்தத் தயாரிப்புக்கான மரபணுவில் ஒரு பிழை உள்ள வகையை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வகைக்கு வெளியிலிருந்து ஹிஸ்டிடின் கொடுத்தால்தான் பிழைக்கும். ஹிஸ்டிடின் துளியூண்டு மட்டும் உள்ள தட்டில் சுமார் பத்துக் கோடி பாக்டீரியாவைப் பரப்பி, கூடவே சோதிக்க வேண்டிய ரசாயனத்தையும் சேர்த்து, 37 டிகிரியில் இரண்டு நாள் வைக்கிறார்கள். அந்தத் துளி தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். பனி மாதிரி தெரிந்த படலம் அதுதான். ரசாயனம் மரபணுவைக் கலைத்து, அந்தக் கலைப்பில் தற்செயலாக எந்த பாக்டீரியாவின் பழைய பிழை நேராகிறதோ அது மட்டும் தொடர்ந்து பெருகும். அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேரும். ஒரு புள்ளி என்றால் ஒரே மூதாதையின் முழு வம்சம்.

நம் ஆட்களுக்குப் பிடிக்கிற ஒரு விவரம் சொல்கிறேன். டிஏ98 என்று ஒரு வகை. அதில் ஹிஸ்டிடின் மரபணுவில் ஒரு எழுத்து விழுந்துவிட்டது. மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. ஒன்று விழுந்தால் அதற்குப் பிறகு எல்லாம் ஒரு இடம் தள்ளி, குப்பையாகத்தான் வரும். ஹெடரில் ஒரு காலம் விட்டுப்போன சிஎஸ்வி ஃபைல் மாதிரி. ஆனால் பக்கத்திலேயே சிஜிசிஜிசிஜிசிஜி என்று எட்டு எழுத்து வரிசை ஒன்று இருக்கிறது. சில ரசாயனங்கள் டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால், நகல் எடுக்கும்போது அந்த வரிசையில் இரண்டு எழுத்து வழுக்கி விழும். ஏற்கெனவே விழுந்தது ஒன்று, இப்போது இரண்டு, ஆக மூன்று. ஃபிரேம் மறுபடி நேராகிவிடும். பக் மேல் பக் விழுந்து புரோகிராம் ஓடுவது! நம் வேலையில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். டிஏ100 என்ற இன்னொரு வகையில் எழுத்து விழவில்லை, ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது. அது வேறு மாதிரி ரசாயனங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த பாக்டீரியாக்கள் பாவம், வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்டவை. வெளிச்சுவரை ஓட்டையாக்கியிருக்கிறார்கள், பெரிய மூலக்கூறும் உள்ளே போகட்டும் என்று. டிஎன்ஏ அடிபட்டால் வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் ரிப்பேர் மரபணு ஒன்றைத் தூக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகும் சில ரசாயனங்கள் மாட்டவில்லை. புற்றுநோய் வரவழைக்கும் என்று வேறு வழியில் தெரிந்தவை, இந்தத் தட்டில் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தன.

அங்கேதான் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு உள்ளே வருகிறது.

1950-களில் ஜப்பானில் சீதபேதி பாக்டீரியாவிடம் ஒரு புது வித்தை கண்டுபிடித்தார்கள். ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்குச் சாகாத தன்மை, அதுவும் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மொத்தமாகக் கைமாறியது. முக்கிய டிஎன்ஏவிலிருந்து தனியாக, வட்டமாக ஒரு சின்ன டிஎன்ஏ. பிளாஸ்மிட் என்கிறோம். பென் டிரைவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏம்ஸும் கூட்டாளிகளும் இந்த ரகத்தைச் சேர்ந்த பிகேஎம்101 என்ற பிளாஸ்மிட்டைத் தங்கள் சால்மொனெல்லாவில் ஏற்றி 1975-ல் வெளியிட்டார்கள். டிஏ98, டிஏ100 இரண்டும் அப்படி வந்தவைதான். ஆம்பிசிலின் ஊற்றினாலும் சாகாது.

ஆம்பிசிலினுக்குச் சாகாத குணம் அவர்களுக்குத் தேவையாக இருக்கவில்லை. தேவைப்பட்டது அதே பென் டிரைவில் கூட வந்த வேறு இரண்டு மரபணுக்கள். சாதாரணமாக, அடிபட்ட டிஎன்ஏவை நகலெடுக்கும் எந்திரம் அடிபட்ட இடத்தில் நின்றுவிடும். செல் செத்துப்போகும். இந்த இரண்டு மரபணுக்களும் சேர்ந்து தயாரிக்கும் எந்திரம் நிற்காது. அந்த இடத்தில் கைக்கு வந்த ஏதோ ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். பழைய விஷுவல் பேசிக் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: ஆன் எர்ரர் ரிஸ்யூம் நெக்ஸ்ட். உயிர் தப்பும், ஆனால் பிழை நிரந்தரமாகப் பதிவாகும். வம்சத்துக்கே போகும். ரசாயனம் செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் இதுதான் வேணும்.

ஆனால் பிளாஸ்மிட் தங்கும் என்று நிச்சயம் கிடையாது. செல் பிரியும்போது ஏதோ ஒரு பிள்ளைக்குப் போகாமல் விட்டுவிடும். பிறகு அந்தக் கிளையே இல்லாமல் வளரும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் டெஸ்ட் மழுங்கிவிடும். அதனால் பாக்டீரியாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் புதிதாக வளர்க்கும்போது ஆம்பிசிலின் வைத்துப் பார்ப்பார்கள். ஆம்பிசிலினைச் சட்டை செய்யாமல் வளர்ந்தால் பிளாஸ்மிட் இருக்கிறது, வேலையை ஆரம்பிக்கலாம். செத்தால் அந்த பேட்சைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உலகமே பயப்படுகிற ஒரு குணம், இந்த அறையில் ஹெல்த் செக்! அந்தப் பெண்மணி இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் பிறகு புரிந்தது. இந்தக் கூட்டணி லேபில் மட்டும் இல்லை. டிஎன்ஏவுக்கு அடி விழுந்தால் பாக்டீரியாவுக்குள் எஸ்ஓஎஸ் என்றே பெயர் வைத்த ஒரு அவசரநிலை ஆரம்பிக்கும். பிழையைப் பொருட்படுத்தாத நகல் எந்திரங்கள் அப்போதுதான் கிளம்பும். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக்குகளே டிஎன்ஏவை அடிப்பவை. சாகடிக்கப் போதாத அளவில் அவை பட்டால், பாக்டீரியா சாகாமல் அவசரநிலையில் வாழும், பிழைகளைச் சேர்க்கும், அதில் ஏதாவது ஒன்று எதிர்ப்பாக அமைந்தால் அது வம்சத்துக்குப் போகும். 2007-ல் ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். அந்த மருந்தை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். அந்த இடத்தில் தண்ணீர் பாய்ந்து நீர்த்துப்போகிற வழியெல்லாம் ஏதோ ஒரு இடத்தில் "சாகடிக்கப் போதாத அளவு" வந்துதானே தீரும்?

சரி, டெஸ்டுக்கு வருவோம். இது சாதித்ததில் எனக்கு மறக்க முடியாதது குழந்தைகளின் இரவு உடை. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில், குழந்தைகள் தூங்கும் உடை சட்டென்று தீப்பிடிக்கக் கூடாது என்று விதி வந்தது. நல்ல விதிதான். அதற்காகத் துணியில் டிரிஸ் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள், துணி எடையில் சுமார் 5 சதவீதம். ஆர்லீன் பிளம் என்ற வேதியியலாளரும் ஏம்ஸும் அதை இந்தத் தட்டில் வைத்துப் பார்த்தார்கள். புள்ளிகள் கொத்துக் கொத்தாக வந்தன. 1977 ஜனவரியில் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். ஏப்ரலில் அமெரிக்க அரசு அந்த உடைகளைத் தடை செய்தது. அடுத்த வருடம், அந்த உடை போட்ட குழந்தைகளின் சிறுநீரில் டிரிஸ் உடைந்து வரும் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் மரபணுவைக் கெடுக்கிற பொருள். (பிளம் ஒரு மலையேறி. 1978-ல் அன்னபூர்ணாவுக்குப் போன பெண்கள் குழுவுக்குத் தலைவி. சிலருக்கு மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது மணி நேரம் கிடைக்கிறது போலிருக்கு.)

ஜப்பானில் இன்னொன்று. ஏஎஃப்2 என்ற பதப்படுத்தும் பொருளை 1965 முதல் டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாக்டீரியா அதன் குட்டை உடைத்த பிறகு 1974-ல் நிறுத்தினார்கள். பிளாஸ்மிட் ஏற்றிய வகைகளில் அது பளிச்சென்று தெரியும். அந்த நாட்டிலேயே டகாஷி சுகிமுரா, சுட்ட மீனின் கருகிய மேல்தோலையும் அதன் புகையையும் சோதித்து, அதுவும் மரபணுவைக் கெடுக்கிறது என்று காட்டினார். டிஏ98 அதற்கு ரொம்பக் கூர்மை. கருவாடு சுட்டுச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவன் நான், இந்தப் பத்தியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் பிடிக்கிற டெஸ்ட் இல்லை இது. ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் தரும், தட்டில் ஒன்றும் காட்டாது. மறுபக்கம், நாம் தினம் குடிக்கிற காப்பி புள்ளி போடும். ஏம்ஸே பிற்காலத்தில் ஆலைகளின் ரசாயனங்களைப் பார்த்துப் பதறுவதைவிட செடிகள் தாங்களே தயாரிக்கும் விஷங்களையும் கணக்கில் எடுங்கள் என்று வாதாடினார். தன்னுடைய பழைய ரசிகர்களை நன்றாகக் கோபப்படுத்தினார். 2024-ல், 95 வயதில் காலமானார்.

இப்போது என் தப்பு.

பழைய சிஸ்டத்தில் கவுன்ட் காலம் டெக்ஸ்ட். பெரும்பாலும் எண். சில இடங்களில் எண்ணுக்குப் பதில் டி என்று ஒரு எழுத்து. டாக்சிக் என்பதன் சுருக்கம். அந்த டோஸில் ரசாயனம் பாக்டீரியாவையே கொன்றுவிட்டது, பனிப் படலமே இல்லை, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். புது சிஸ்டத்தில் அந்தக் காலம் இன்டிஜர், நல் அனுமதி கிடையாது. என் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி: எண்ணாக மாறாதது எதுவானாலும் 0. கமென்ட்டில் "பிறகு பார்க்கணும்" என்று எழுதியும் வைத்திருந்தேன். பார்க்கவில்லை. மூன்று சோதனை ஓட்டமும் பச்சை. ரோ எண்ணிக்கை பொருந்துகிறது, செக்சம் பொருந்துகிறது, மேனேஜருக்கு சந்தோஷம்.

அந்தப் பெண்மணி யூசர் டெஸ்டிங்கில் நாலைந்து பழைய ஆய்வுகளைத் திறந்து பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "இது டிஏ100. இதில் சீரோ எப்படி வரும்?" என்றார்.

ரசாயனம் எதுவும் போடாவிட்டாலும் டிஏ100 தட்டில் நூறுக்கு மேல் புள்ளிகள் தானாகவே வரும். பத்துக் கோடி உயிர் இருக்கும் இடத்தில் சிலவற்றுக்குப் பிழை தற்செயலாக நேராகத்தான் செய்யும். உயிரோடு இருக்கும் எந்த டிஏ100 தட்டிலும் சீரோ வராது. சீரோ என்றால் அங்கே ஏதோ செத்திருக்கிறது.

என்ன நடந்திருக்கும் என்று அவர் ஒரு பழைய ஆய்வை வைத்தே காட்டினார். ஒரு டெஸ்ட் செல்ல வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து டோஸில் எண்ணக்கூடிய தட்டுகள் வேண்டும் என்பது ஓஇசிடி வழிகாட்டி 471 சொல்லும் விதி. அந்த ரசாயனம் மூன்றாவது டோஸிலிருந்தே பாக்டீரியாவைக் கொன்றிருந்தது. அதாவது இரண்டே டோஸ்தான் தேறியது. அந்தச் சோதனை செல்லாது, குறைந்த டோஸ்களில் திரும்பச் செய்தார்கள். திரும்பச் செய்தபோது புள்ளிகள் ஏறின. கெட்ட ரசாயனம். ஆனால் என் டேபிளில் அந்த முதல் சோதனை எப்படி இருந்தது? ஐந்து டோஸும் முழுசாக இருந்தன, தட்டுக்கு 5000 மைக்ரோகிராம் வரை. மேல் டோஸ் எல்லாவற்றிலும் சீரோ. பார்க்கிறவனுக்கு, "உச்ச அளவு வரை சோதித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை." எவ்வளவு கடுமையான விஷமோ, அவ்வளவு அதிக சீரோ, அவ்வளவு சுத்தம்.

அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. அந்த டேட்டாவை அடுத்த கட்டமாக ஒரு மெஷின் லேர்னிங் டீம் எடுத்துக்கொள்வதாக இருந்தது. மருந்துகளில் கலந்திருக்கும் சின்ன அசுத்தங்களைத் தட்டில் வைக்காமலே, மூலக்கூறின் வடிவத்தை வைத்து ஏம்ஸ் முடிவைக் கணிக்கும் மாடல்கள் இருக்கின்றன. ஐசிஎச் எம்7 என்ற சர்வதேச வழிகாட்டி அதற்கு இடம் தருகிறது, விதிமுறை சார்ந்தது ஒன்று, புள்ளியியல் சார்ந்தது ஒன்று என இரண்டு வகை மாடலும் பார்க்க வேண்டும் என்கிறது. என் சீரோக்களைத் தின்று வளர்ந்த மாடல் என்ன கற்றுக்கொண்டிருக்கும்?

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது மாமனார் ஞாபகம்தான். அவர் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார். 2018 ஜூலையில், பிரஷருக்குக் கொடுக்கும் வால்சார்டன் மாத்திரைகளில் பலவற்றைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று செய்தி வந்தது. சீனாவில் மூலப்பொருள் தயாரித்த இடத்தில் செய்முறையை மாற்றியபோது என்டிஎம்ஏ என்ற அசுத்தம் உருவாகிவிட்டது. புற்றுநோயைத் தூண்டக்கூடியது. ஒரு நாளைக்கு 96 நானோகிராமுக்கு மேல் கூடாது என்று பிறகு வரம்பு வைத்தார்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றும் அதே செய்தியில் சொன்னார்கள். மாமா முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார். ராத்திரி போன்: "மாப்ளே, நீங்க கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுங்க, இதைப் போடலாமா வேண்டாமா? நான் ரெண்டு நாளா போடலை." பிரஷர் என்ன என்று கேட்டேன். சொன்ன எண்ணைக் கேட்டு என் மனைவி உடனே காரை எடுக்கச் சொன்னாள். மறுநாள் பார்மசியில் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள், எல்லாம் சரியாகிவிட்டது.

இந்த என்டிஎம்ஏ குடும்பம் தட்டில் சுலபமாக மாட்டாது. தானாக அது ஒன்றும் செய்வதில்லை. நம் கல்லீரல்தான் அதை உடைத்து விஷமாக்குகிறது. அதனால் டெஸ்டில் எலியின் கல்லீரலை அரைத்து வடித்த சாற்றையும் சேர்ப்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு எலி போதவில்லை. வெள்ளெலியின் கல்லீரல் சாறும் வேண்டும், கூடுதல் அளவில், 30 நிமிஷம் முன்கூட்டியே ஊறவைத்து. வால்சார்டன் விவகாரத்துக்குப் பிறகு ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இப்படி ஒரு மேம்படுத்தின ஏம்ஸ் டெஸ்டை வகுத்து வைத்திருக்கிறது. அந்தச் சோதனைகளின் தட்டுகளும் என் டேபிளில் இருந்தன. மாமாவிடம் நான் "கம்ப்யூட்டர்ல பார்த்து" சொல்லியிருக்கக்கூடிய பதில், இந்த மாதிரி டேபிள்களிலிருந்து வருவதுதான்.

திருத்துவதற்கு இரண்டரை வாரம் ஆனது. கவுன்ட் காலத்தில் நல் அனுமதித்தேன். பக்கத்தில் நிலை என்று ஒரு காலம்: எண்ணியது, செத்தது, வேறு கிருமி கலந்தது, தட்டு உடைந்தது. பழைய பேப்பர் நோட்டுகளோடு ஒப்பிட வேண்டியிருந்தது. ஏனென்றால் சில வருஷங்களில் டிக்குப் பதில் கோடு போட்டிருந்தார்கள், ஒரு வருஷத்தில் காலியாகவே விட்டிருந்தார்கள். என் நாள் கூலியில் பாதிக்கு நானே இன்வாய்ஸ் போடவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்குத்தான் மனசு வரவில்லை.

அந்தப் பெண்மணி ஒரு வேலிடேஷன் கேட்டார், அதையும் சேர்த்தேன். டிஏ100, நிலை "எண்ணியது", கவுன்ட் 0 என்று யாராவது ஏற்றினால் சிஸ்டம் ஏற்காது. எர்ரர் மெசேஜ் என்ன போடட்டும் என்று கேட்டதற்கு, "தட்டைத் திரும்பப் பார்" என்று மட்டும் போடு என்றார். அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.